அக்காவை வானத்தில் வைத்தேன்

புல்லுக்கட்டு விழுந்த சத்தம்தான் முதலில் கேட்டது. அப்புறம் செல்லம்மாவின் குரல்.

"அய்யோ கோமளா… எங்கள வுட்டுட்டுப் பூட்டியேடீ!"

நான் அப்போது ஊர் முனையில் மூங்கில் சாரத்தின் மேல் இருந்தேன். ஒரு காலைக் கொம்பிலும் இன்னொரு காலை நம்பிக்கையிலும் ஊன்றிக்கொண்டு, புதுப் பேனரின் மேல் மூலையைக் கட்டுக்கம்பியால் முறுக்கிக்கொண்டிருந்தேன். தை மாதத்துக் காலை வெயில். பிளெக்ஸின் மை முழுசாகக் காயவில்லை. பெயின்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாடை; தலைவலியையும் லேசான பெருமிதத்தையும் சேர்த்தே தரும் வாடை.

கோமளா என் அக்கா. குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை. செல்லம்மா அவளுடைய ஓரகத்தி, அதாவது அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. எந்தக் காலத்திலோ ஒரு கல்யாணத்துக்குக் கட்டிக்கொள்ள அக்கா இரவல் கேட்ட அரக்குப் பட்டுப்புடவையைச் செல்லம்மா தரவில்லை. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. பேனர், அக்காவின் மகள் ரேவதி கல்யாணத்துக்கு. வெள்ளிக்கிழமை விடியற்காலை புத்தூர் மண்டபத்தில் முகூர்த்தம். அதற்குக்கூட அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. பேனரை வடிவமைத்த மேதை நான்.

என் படைப்பு ஒன்றைப் பார்த்து ஒரு மனுஷி மார்பில் அடித்துக்கொண்டு அழுதது அதுதான் முதலும் கடைசியும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, எனக்குப் பெருமையாக இருந்தது. உருவாக்கியவன் நினைத்ததைப் பார்ப்பவர் உணர்ந்துவிட்டார் என்று நினைத்தேன். அக்கா இங்கே இல்லாத ஏக்கத்தைத்தானே நான் அந்தப் படத்தில் வைத்திருந்தேன்?

செல்லம்மா உணர்ந்தது வேறு. அக்கா எங்கேயுமே இல்லை என்று அவள் உணர்ந்தாள்.

நடுவில் வைக்காதே

சென்னையில் நான் மல்டிமீடியா படித்த அழகைப் போன வாரப் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். அதில் ஒன்று விட்டுப்போயிற்று. எங்களுக்குப் பாடம் எடுத்தவர் எந்நாளும் கறுப்புச் சட்டைதான் போடுவார். முதல் நாளே பலகையில் நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு இழுத்தார். "கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் முக்கியமானதை வை. நடுவில் வைக்காதே. நடுவில் வைத்தால் படம் செத்துப்போகும்" என்றார்.

நடுவில் வைக்காமலேயே எப்படிச் சாகடிப்பது என்பதைப் பிற்பாடு நானாகவே கண்டுபிடித்தேன்.

நான் திருப்பதிப் பக்கத்துக்காரன். எங்கள் பக்கம் டீக்கடை, சலூன், பஸ்ஸின் நெற்றி, பல்பொடிப் பொட்டலம் என்று எங்கே பார்த்தாலும் பெருமாள் நட்ட நடுவில்தான் நிற்கிறார். அவரைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்து நிற்கச் சொல்ல எந்தப் படக்காரனுக்கும் தோன்றியதில்லை. எனக்குத் தோன்றியது. அன்றைக்கே அறைக்குப் போய், சுவரில் தொங்கிய காலண்டர் பெருமாளைக் கண்ணாலேயே மூன்றில் ஒரு பங்குக்குத் தள்ளிப் பார்த்தேன். அந்த வயதில் நான் செய்த ஒரே புரட்சி அது. பெருமாள் பொறுத்துக்கொண்டார்.

அடுத்தது சமநிலை. ஒரு தட்டில் இரும்புப் படிக்கல், மறு தட்டில் ஒரு கூடை மல்லிகை. அளவு வேறு, எடை ஒன்று. படத்திலும் அப்படித்தான். ஒரு மூலையில் அழுத்தமான நிறம் இருந்தால் எதிர்ப் பக்கத்தில் பெரிய வெறுமையை விட்டு அதைத் தாங்கலாம். பிறகு அழுத்தம்: எல்லோரும் கத்தினால் யார் குரலும் கேட்காது, ஒருவரைப் பேசவிட வேண்டுமானால் மற்றவர்களை வெளியே அனுப்பு. கடைசியாக, எல்லாவற்றுக்கும் மேலே, காலி இடம். "காலி இடம் வீண் இல்லை. படம் அங்கேதான் மூச்சு விடுகிறது" என்றார் கறுப்புச் சட்டை.

இந்தக் கடைசிப் பாடம் எனக்குள் சர்க்கரை மாதிரி கரைந்தது. காரணம், நான் ஏற்கெனவே வசன கவிதை எழுதும் வியாதியஸ்தன். என் முதல் தொகுப்பில் பக்கத்துக்கு நாலைந்து சொற்கள்தான். மீதி வெள்ளைத் தாள். அக்கா குவைத்துக்குப் போவதற்கு முன்னால் அதை வாங்கி, இரண்டு பக்கம் புரட்டி, பின்னாலும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாடா, மீதி எங்க? மையி தீந்துபோச்சா?"

"அதுதான்கா கவிதை. மீதிய படிக்கறவங்க நெரப்பிக்கணும்."

"அப்ப எழுதனவனுக்கு வேலயே இல்லியே. நல்ல உத்தியோகமா புட்ச்சிருக்க."

கண் தேடும் மூஞ்சி

அது கதவுகள் எல்லாம் ஒரேயடியாகத் திறந்துகொண்ட காலம். எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்கு ஒரு பஸ், சென்னைக்கு ஒரு பஸ், குவைத்துக்கு ஒரு ஏஜெண்டு. ஆண்கள் சித்தாளாகவும் டிரைவராகவும் போனார்கள். பெண்கள் அடுத்தவர் அடுப்படிக்குப் போனார்கள். வீடுகளில் ஆள் குறையக் குறைய, சுவர்களில் போட்டோ கூடியது. அந்தச் சமயம் பார்த்துத் திருப்பதிக்குப் பிளெக்ஸ் மிஷின் வந்தது. மலையடிவாரத்து அலிபிரிக்குப் போகும் வழியில் இருந்த ஒரு கடையில் நான் டிசைனராகச் சேர்ந்தேன்.

எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேனரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொண்ணு மாப்பிள்ளை பெரிதாக. மேலே தாத்தா, பாட்டி, மாமன், மச்சான் வட்டம் வட்டமாக. கீழே நண்பர்கள் கூலிங் கிளாஸோடு. எங்கேயாவது கை அகலத்துக்கு இடம் தெரிந்தால் அங்கே ஒரு ரோஜாப்பூ. அதற்கும் இடுக்கில் இடம் இருந்தால் "அன்புடன் வரவேற்கும்" யாராவது ஒரு குழந்தை.

படம் பார்க்கிற கண் ஒரு பாதையில் பயணம் செய்யும் என்பது பாடம். எங்கள் ஊர்க் கண் பயணமெல்லாம் செய்யாது. நேரே போய்த் தன் மூஞ்சி எங்கே என்று தேடும். கிடைத்ததும் அடுத்து, தன் மூஞ்சி சம்பந்தி மூஞ்சியைவிடச் சின்னதா என்று பார்க்கும். அப்புறம் கடைக்கு வந்து என்னைத் திட்டும்.

கடைக்கு எதிரிலேயே, மலைக்கு நடந்து போகிறவர்களுக்கு உடனடி போட்டோ எடுத்துத் தருகிற ஒருவர் இருந்தார். கோயில் கோபுரம் வரைந்த துணி, அதற்கு முன்னால் மொட்டை போட்ட ஒரு குடும்பம், தலையெல்லாம் சந்தனம். அவருக்குத் தெரிந்த ஒரே கலைச்சொல் "தக்கரகா!" தெலுங்கில், நெருங்கி நில்லுங்கள். இன்கா என்றால் இன்னும். "இன்கா தக்கரகா ரண்டி, இன்கா!" என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பார். தோளோடு தோள் இடித்து, குழந்தை பிதுங்கி, மொட்டைகள் ஒன்றையொன்று உரசினால்தான் அவர் விரல் கேமராவை அழுத்தும். காலி இடத்தின் தூதுவனாகிய நான், டீ குடித்துக்கொண்டே அவரைப் பார்த்துப் பரிதாபப்படுவேன்.

என் தலைசிறந்த படைப்பு

ரேவதி கல்யாணத்துக்கு முனிரத்தினம் மாமா, அதாவது அக்காவின் வீட்டுக்காரர், ஒரு பிளாஸ்டிக் பை நிறைய உறவுக்காரர்களைக் கொண்டுவந்து கொட்டினார். பாஸ்போர்ட் சைஸ், ரேஷன் கார்டில் இருந்து பிய்த்தது, குரூப் போட்டோவில் வெட்டிய தலை, எல்லாம்.

"ஒருத்தர் வுடக்கூடாது. ஒன்னுமே புரியாத மாதிரி இன்னாத்தயாவது பண்ணி வெக்காத" என்றார்.

நான் பையை மேசைக்கு அடியில் வைத்தேன். கடையில் நாள் தவறாமல் அடுத்தவர் பேனருக்கு ரோஜாப்பூ ஒட்டியவன் நான். இது என் அக்கா மகளின் கல்யாணம். இங்கேயாவது கலை வேண்டாமா?

எனவே நான் செய்தது இது. கீழே, வலது ஓரத்தில், பொண்ணும் மாப்பிள்ளையும் கைகூப்பி வணக்கம் சொல்கிறார்கள்; முழு வண்ணம். பேனரின் மீதி முழுக்க வானம். நீலமும் வெள்ளையும் கலந்த, எதுவுமே இல்லாத வானம். அதில் இடது பக்கம் மேலே, கோடுகள் வெட்டிக்கொள்ளும் அந்தப் புனிதமான இடத்தில், அக்காவின் முகம். வண்ணத்துக்கு எதிர்நிறை வேண்டுமென்று அக்காவைக் கறுப்பு வெள்ளை ஆக்கினேன். முகத்தின் விளிம்பை மேகத்தில் கரையவிட்டேன். என்னிடம் இருந்தது அவளுடைய விசா போட்டோதான். ஏஜெண்டு சொன்னான் என்று பொட்டைக்கூட எடுத்துவிட்டு, சிரிக்காமல் எடுத்தது. சிரிக்காத முகத்தில் ஆழம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இதோடு விட்டிருக்கலாம். கவிஞன் விடுவானா? முகத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினேன்.

"தொலைவில் இல்லை நீ, இந்த வானமெங்கும் நிறைந்திருக்கிறாய்."

சாரத்திலிருந்து இறங்கி, செல்லம்மா நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோதுதான் எனக்கே புரிந்தது. எங்கள் பக்கத்தில் மூஞ்சியைச் சுற்றிக் காலி இடம் ஒரே ஒரு பேனரில்தான் உண்டு. மேகத்தில் முகம், கறுப்பு வெள்ளை, கீழே கைகூப்பிய குடும்பம், ஒரு வரிக் கவிதை. கண்ணீர் அஞ்சலி. அதில் இல்லாதது தேதி மட்டும்தான்.

மறுக்க மறுக்க

"செல்லம்மாக்கா, அழாத. அக்கா நல்லாத்தான் கீறா. இது சும்மா டிசைன்."

"மறைக்காதடா! தம்பிக்காரன் நீ. உனக்குத் தகவல் வந்து கீது. கல்யாணம் நின்னு பூடும்னு வாய மூடிக்கினு கீற. வாய் மூடிக்கலாம், கை மூடிக்குமா? பாரு, உன் கையே சொல்லிட்ச்சி!"

 என் கைக்கு அவ்வளவு திறமை இல்லை என்று நிரூபிக்க எந்த வழியும் இல்லை.

வெயில் ஏறுவதற்குள் ஊர் முடிவு செய்துவிட்டது. காரணங்களும் கச்சிதமாக இருந்தன. வெளிநாட்டில் செத்தால் உடம்பு வந்து சேரப் பல நாள் ஆகும். அதற்குள் தாலியைக் கட்டிவிட்டால் தீட்டு பிறகுதானே? இவ்வளவு புத்திசாலித்தனமான திட்டத்தை நான் போட்டிருப்பேன் என்று ஊர் நம்பியது. அதற்கு முன்னும் பின்னும் ஊர் என்னை இவ்வளவு உயர்வாக நினைத்ததில்லை.

போன் பண்ணிக் கேட்டுவிட்டால் முடிந்தது. ஆனால் அக்கா வெள்ளிக்கிழமை மதியத்தில் மட்டும்தான் பேசுவாள். அவள் வேலை செய்கிற வீட்டுக்காரர்கள் வெளியே போகும் நேரம் அது. முகூர்த்தமோ வெள்ளி விடியற்காலை. எஸ்.டி.டி. பூத்தில் நின்று அந்த வீட்டு நம்பரை அடித்தோம். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. சாயங்காலமும் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

முனிரத்தினம் மாமா ரிசீவரை வைத்துவிட்டு என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"டேய். என்கிட்ட மட்டும் சொல்லு. உனக்கு எங்கருந்தாவது போன் வந்துச்சா?"

"மாமா, நீங்களுமா?"

"நான் இன்னாத்த கண்டேன்? நீதான் படிச்சவன், நீதான் போட்ட" என்றார். கைலி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனேன். நலங்கு வைத்த மஞ்சள் கழுத்தில் காய்ந்து உதிர, ரேவதி அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பெண்கள் அழலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றிருந்தார்கள்.

"மாமா. அம்மா கீறாளா?"

"கீறாடா கண்ணு. சத்தியமா கீறா."

"அப்ப ஏன் மாமா அப்டி வெச்ச?"

நான் விளக்கினேன். இன்றைக்கும் நினைத்தால் காது சுடுகிறது. கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு முன்னால் மண்டியிட்டு, காற்றில் நெடுக்கே இரண்டு கோடு, குறுக்கே இரண்டு கோடு போட்டுக் காட்டினேன். கண் எங்கே போகும், எடை எங்கே நிற்கும், மற்றவர்களை எடுத்துவிட்டால் ஒருவர் எப்படித் தனியாகத் தெரிவார் என்று சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அம்மா தனியாத்தான் கீறான்னு எனக்குத் தெரியாதா மாமா? அத ஊரு முனையில மாட்டணுமா?"

போட்ட கோடுகளை அழிக்கக் காற்றில் வழி இல்லை. கையை மடக்கி வைத்துக்கொண்டேன்.

மங்கம்மா பார்த்த பார்வை

புதன்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பங்காருபாளையத்துக்காரர்கள், மாந்தோப்பு வைத்திருப்பவர்கள். வந்து இறங்கிய வேனின் கூரையில் மாம்பூ உதிர்ந்து கிடந்தது; கதவைத் திறந்ததும் அந்தப் புளிப்பு வாசனை. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் அத்தை மங்கம்மா. அந்த வீட்டில் அவர் தலையாட்டாமல் உலை கொதிக்காது என்பார்கள். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ், முழுக்க அதிகாரம்.

நேரே பேனருக்குக் கீழே போய் நின்றார். இடுப்பில் கை வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒரு கண்காட்சியில்கூட யாரும் என் வேலையை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"ஏமய்யா, இதி பெள்ளிக்கி வேசிந்தா, லேக அஷ்ரு நிவாளியா?" என்றார். இது கல்யாணத்துக்குப் போட்டதா, கண்ணீர் அஞ்சலியா?

"கல்யாணத்துக்குத்தாம்மா."

"அம்மாவுக்கு ஒன்னும் இல்லியே?"

"இல்லம்மா. கற்பூரம் கொளுத்துங்க, அடிச்சி சத்தியம் பண்றேன்."

"கற்பூரம் எதுக்கு? அடிச்சா அணைஞ்சி பூடும், அப்றம் யாரு பாத்தா?" அவர் பேனரை நோக்கிக் கையை வீசினார். "இத எறக்கு. வேற போடு. எல்லாருமு வரிசையா நிக்கட்டும். அந்தம்மாவ மொகுடு பக்கத்துல நிறுத்து, கலர்ல, பட்டுச்சீரையில. செத்தவள உயிரோட கீறவங்க வரிசையில நிறுத்தி, கல்யாண வாசல்ல மாட்ட எவனுக்கும் கை வராது. நீ மாட்டிட்டா நாங்க நம்பறோம். லேதா, வேன் திரும்பிடும். அந்த்தே."

மொகுடு என்றால் புருஷன், சீரை என்றால் புடவை, லேதா என்றால் இல்லாவிட்டால். அந்த்தே என்றால் அவ்வளவுதான். கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. அது நியாயமான ஏற்பாடு என்று எல்லோருக்கும் பட்டது. எனக்கும் பட்டது. பேனரால் கெட்டதைப் பேனராலேயே சத்தியம் செய்யச் சொல்கிறார்.

"என்கிட்ட பட்டுச்சீரை கட்டின அக்கா போட்டோவே இல்லியே" என்றேன்.

 அழுது குரல் கம்மிப்போயிருந்த செல்லம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்புச் சுருக்கிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து என் கையில் திணித்தாள். அந்த அரக்குப் பட்டில் அவளே நிற்கிற படம்.

"என் ஒடம்ப எடுத்துக்கோ. தலைய மட்டும் அவளுது வெய்யி" என்றாள். "அவ ஆசப்பட்ட பொடவதான்."

சின்னப் பொட்டு

மேசைக்கு அடியிலிருந்த பை மறுபடி மேலே வந்தது. இந்தத் தடவை ஒருவரைக்கூட விடவில்லை. வட்டம் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, தாத்தாக்கள் மாமன்களின் காதை மறைக்க, மாமன்கள் மச்சான்களின் மீசையை மறைக்க, எல்லோரையும் ஏற்றினேன். மூன்றில் ஒரு பங்கு, எதிர்நிறை, மூச்சுவிடும் வெளி எல்லாம் தீபாவளிக் கூட்டத்துப் பஸ்ஸில் ஏறிய மாதிரி நசுங்கிப்போயின. எதிரே போட்டோக்காரர் கத்திக்கொண்டிருந்தார். "தக்கரகா! இன்கா தக்கரகா!" எனக்காகவே கத்துகிறாரோ என்று தோன்றியது.

அக்காவின் இடம் மட்டும் பாக்கி. மாமாவுக்குப் பக்கத்தில், செல்லம்மாவுக்கு இந்தப் பக்கம். அரக்குப் பட்டு உடம்பை வைத்தேன். விசா போட்டோவிலிருந்து தலையை வெட்டி எடுத்துக் கழுத்தில் பொருத்தினேன். கன்னத்துக்கு நிறம் ஏற்றினேன்.

பிறகு பொட்டு. சிவப்பை எடுத்துக்கொண்டு நெற்றிக்கு மேல் மவுஸைக் கொண்டு போனேன். அங்கே நின்றுவிட்டது.

நான் இரண்டு நாளாக எல்லோரிடமும் அக்கா இருக்கிறாள் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்? போன வெள்ளிக்கிழமை அவள் பேசினாள். அதற்கப்புறம் ஒரு வெற்று வீட்டில் மணி அடித்த சத்தத்தைத்தான் நானும் கேட்டேன். அந்தச் சத்தத்தைச் சுற்றிலும் எவ்வளவு காலி இடம். கவிதை எழுதுகிறவன் இவ்வளவு காலமாக அதை அழகு என்று நினைத்திருக்கிறேன். படிக்கிறவர்கள் நிரப்பிக்கொள்வார்கள் என்றேன். நிரப்பிக்கொண்டுதான் இருந்தார்கள், ஊர் முழுக்க.

பொட்டை வைத்தேன். பளிச்சென்று தெரியட்டும் என்று கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன். அப்போதுதானா அது ஞாபகம் வர வேண்டும்? சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தவளுக்குத்தான் நெற்றி நிறையப் பெரிய பொட்டு வைப்பார்கள்.  அழித்தேன். மறுபடி வைத்தேன், சின்னதாக, தினம் காலையில் அவசரத்தில் அடுப்படிக்கு ஓடுகிற பெண் வைத்துக்கொள்வாளே, அந்த அளவுக்கு. அதுவும் துளி கோணலாக. நடுவில் வைக்கவில்லை. கறுப்புச் சட்டை பார்த்திருந்தால் அதற்கு மட்டுமாவது மதிப்பெண் போட்டிருப்பார்.

மிஷினில் இருந்து படம் சூடாக இறங்கியபோது அக்கா கூட்டத்துக்குள் எங்கே இருக்கிறாள் என்று எனக்கே ஒரு நிமிஷம் தெரியவில்லை.

வியாழன் சாயங்காலம் புத்தூர் மண்டபத்து வாசலில் அதைக் கட்டினேன். மங்கம்மா வந்தார். இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். முதலில் தன் மூஞ்சி எங்கே என்று தேடினார், கண்டுபிடித்தார், சம்பந்தி மூஞ்சியோடு அளவு ஒத்திருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் அக்காவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சாரத்தில் நின்று, ஏற்கெனவே இறுகிய கட்டுக்கம்பியை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தேன். 

"சரே" என்றார். உள்ளே போய்விட்டார். வேன் திரும்பவில்லை.

மதியத்துச் சிக்னல்

நாதஸ்வரக்காரர் மூச்சைப் பிடித்து ஊத, தாலி கட்டியாயிற்று. அட்சதையைத் தூவிவிட்டு என் செல்போனைப் பார்த்தேன். செங்கல் கனத்துக்கு ஒன்று அப்போது வைத்திருந்தேன்; அதில் வெளிநாட்டுப் போன் வரும், இங்கிருந்து போகாது. ரேவதி தலை குனிந்தபடியே என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மதியப் பந்தி. சாம்பார் ஊற்றியாயிற்று. போன் அடித்தது. எச்சில் கையோடு எடுத்தால் ஒரே இரைச்சல், ஒரு குரல், ஒன்றும் புரியவில்லை. மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை. இலையைத் தாண்டி, செருப்புக் குவியலைத் தாண்டி, வாசலுக்கு ஓடினேன். பேனருக்குக் கீழே நின்றால்தான் தெளிவாகக் கேட்டது.

"இன்னாடா, மூச்சு வாங்குற? தாலி கட்டியாச்சா?"

நிமிர்ந்து பேனரில் அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தேன். 

"டேய், கட்டியாச்சாடா?"

"கட்டியாச்சுக்கா. எங்கக்கா போயிட்ட? போன் பண்ணிப் பண்ணி…"

"இவங்க குளுருக்குப் பாலைவனத்துல கூடாரம் போட்டுக்கினு துன்னுக்கினு கெடக்கறாங்க. என்னயும் ஆக்கிப்போட இட்டாந்துட்டாங்க. மண்ணுதான்டா வாயெல்லாம். இப்ப டிரைவரு போனு. சீக்கிரம் பேசு. ரேவதி அழுதாளா?"

"இப்ப அழுதுக்கினு வருவா. இரு."

உள்ளே போகிற ஒருவரிடம் ரேவதியை அழைத்து வரச் சொன்னேன். அந்தச் சமயத்தில் செல்லம்மா வெற்றிலையை மென்றபடி வாசலுக்கு வந்தாள். என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். போனிலிருந்து கசிந்த குரல் அவளுக்கும் கேட்டது. மெல்வதை நிறுத்தினாள்.

"பேனரு போட்டியா?" என்றாள் அக்கா.

"போட்டேன்."

"உன் கவித மாதிரி மொட்டையா போட்டியா? நான் கீறேனா அதுல?"

"கீற. அதுக்கு நேர் கீழதான் நின்னுக்கினு பேசறேன்."

"எங்க கீறேன்?"

"மூணாவது வரிசைக்கா."

"பக்கத்துல யாரு?"

"மாமா."

"உம். தலைக்கு மேல?"

"மேல சம்பந்தி வூட்டுப் பெரியவரு. அவரு கன்னம் உன் கொண்டைல இடிக்குது."

"கீழ?"

"கீழ நம்ம புத்தூரு சித்தி, அவங்க பேரப்பசங்க, கூலிங் கிளாஸ் போட்டுக்கினு."

ஒவ்வொன்றுக்கும் உம் கொட்டினாள். கதை கேட்கிற மாதிரி இல்லை. கும்பலுக்குள் ஒவ்வொரு ஆளாக இடித்துக்கொண்டு உள்ளே வருகிற மாதிரி இருந்தது. பின்னால் காற்று கூடாரத் துணியை அடிக்கிற சத்தம்.

"இன்னா பொடவ கட்டி வுட்ட?"

"அரக்குப் பட்டு."



"எந்த அரக்குப் பட்டு?"

"அதேதான்க்கா. செல்லம்மாக்கா குடுத்தாங்க. உனக்கு இந்தப் பக்கம் அவங்கதான் நிக்கறாங்க."

காற்று மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதில் அழுத்தினேன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அப்புறம் பழைய குரல், கொஞ்சம் உடைந்து.

"அவள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுடா. மூச்சு முட்டுது."

நான் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. செல்லம்மா வெற்றிலையைத் துப்பிவிட்டு, என் எச்சில் கையிலிருந்து போனைப் பிடுங்கினாள். தலையைத் தூக்கிப் பேனரைப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது.

"எங்கடி தள்றது?" என்று கத்தினாள். "கீறது இன்னா எடம்? நீயே பாரு, காலே வெக்க முடியல!"